மாலை கழற்றிய மறுநாள்: குடிநோய் மீட்சியில் மேலான சக்தியின் இடம்

கேள்வியும் அதன் எல்லையும்

திருவள்ளூர் வீரராகவப் பெருமாளுக்கு வைத்திய வீரராகவர் என்றும் பெயர் உண்டு. அமாவாசைதோறும் ஹிருத்தாபநாசினிக் குளத்தில் வெல்லம் கரைக்கக் கூட்டம் வரும். தை அமாவாசை என்றால் நிற்க இடமிருக்காது. வெல்லக் கட்டியோடு படியிறங்கி, அதைத் தண்ணீரில் அமிழ்த்தி, விரலிடுக்கில் குழைந்து போகும்வரை குனிந்தபடியே நிற்பார்கள். வெல்லம் கரைவதுபோல் நோயும் கரைய வேண்டும் என்பது வேண்டுதல். என்ன நோய் என்று பக்கத்துப் படியில் நிற்பவர் கேட்பதில்லை. வீட்டில் ஒருவனின் குடி கரைய வேண்டும் என்று நிற்பவள் அங்கே தனியாகத் தெரியமாட்டாள்.

இதே மாவட்டத்தில் மேற்கே திருத்தணி முருகன், நடுவே பெரியபாளையத்துப் பவானி அம்மன், வடக்கே போகும் வழியில் சிறுவாபுரி முருகன். அதற்கும் அப்பால், ஆந்திர எல்லையை ஒட்டிக் கும்மிடிப்பூண்டி சிப்காட். இரும்பு உருக்கும் உலைகளும் உருட்டாலைகளும் ஷிப்டு ஷிப்டாக ஓடும் ஊர். இந்த மாவட்டத்தில் சாமிக்குப் பஞ்சமில்லை. டாஸ்மாக் கடைக்கும் பஞ்சமில்லை. ஆகவே குடியிலிருந்து மீள்வதில் மேலான சக்தி ஒன்றின் பங்கு என்ன என்ற கேள்வியை இங்கே வைத்துக் கேட்பது பொருத்தமானது.

கடவுள் உண்டா இல்லையா என்ற வழக்கை இக்கட்டுரை தொடவில்லை. குடிநோயாளி ஒருவர் தம்மைவிடப் பெரிய ஒன்றிடம் தம்மை ஒப்படைக்கும்போது நடைமுறையில் என்ன நிகழ்கிறது, அது எவ்வளவு நாள் தாங்குகிறது, எங்கே உடைகிறது என்பவையே இங்கு ஆராயப்படுகின்றன. என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நம் வட்டாரத்துச் சாமிகள் குடியை நிறுத்தவைப்பதில் வல்லவர்கள். நிறுத்தியதைத் தொடரவைக்கும் அமைப்புதான் அவர்களைச் சுற்றி இல்லை. மேலான சக்தியின் பலன் என்று நாம் எண்ணுவதில் பெரும்பகுதி, அதன் பெயரால் கூடும் மனிதர்களின் பலன்.

அக்ரானிலிருந்து அடையாறு வரை

குடிநோய்ச் சிகிச்சையில் மேலான சக்தி என்ற கருத்து இன்றைய வடிவம் பெற்றது அமெரிக்காவில். 1935-ல் ஒகையோ மாநிலத்து அக்ரான் நகரில் பங்குத் தரகரான பில் வில்சனும் அறுவை மருத்துவரான பாப் ஸ்மித்தும் சந்தித்தார்கள். இருவரும் குடிநோயாளிகள். அந்தச் சந்திப்பிலிருந்து வளர்ந்ததே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். நம் ஊர்ப் பேச்சில் ஏஏ. 1939-ல் வெளிவந்த அதன் அடிப்படை நூல் பன்னிரண்டு படிகளை வகுத்தது. குடியின் முன் தான் சக்தியற்றவன் என்று ஒப்புக்கொள்வது முதற்படி. தன்னிலும் மேலான சக்தி ஒன்று தன்னைத் தெளிவுக்குக் கொண்டுவர முடியும் என்று நம்பத் தொடங்குவது இரண்டாவது. தான் புரிந்துகொண்ட வகையிலான கடவுளிடம் தன்னை ஒப்படைப்பது மூன்றாவது.

இதன் வேர்கள் கிறித்துவத்தில் இருக்கின்றன. வில்சன் முதலில் ஒதுங்கியது பிராங்க் புக்மன் நடத்திய ஆக்ஸ்போர்டு குழு என்ற கிறித்துவ இயக்கத்தில். வில்லியம் ஜேம்ஸ் 1902-ல் வெளியிட்ட சமய அனுபவங்கள் பற்றிய நூல் அவருக்குத் துணையானது. உளவியலாளர் கார்ல் யுங், தம்மிடம் வந்த ஓர் அமெரிக்கக் குடிநோயாளியிடம், ஆன்மிக மாற்றம் ஒன்று நேர்ந்தாலொழிய மருத்துவத்தால் ஆவது ஒன்றுமில்லை என்று கூறியிருந்தார். அந்தச் செய்தி கைமாறி வில்சனை அடைந்தது. 1961 ஜனவரியில் வில்சனுக்கு எழுதிய கடிதத்தில் யுங் இதை உறுதிப்படுத்தினார்.

ஆயினும் ஏஏ ஒரு சபையாக மாறாமல் தப்பியது. காரணம், தொடக்க கால உறுப்பினர்களில் இருந்த நாத்திகர்கள். அவர்கள் சண்டையிட்டதால்தான் கடவுள் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அவரவர் புரிந்துகொண்டபடி என்ற விடுதலை வாசகம் ஏறியது. உறுப்பினராகக் குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே போதும் என்பதும் விதியானது. வில்சனுக்கு 1934 டிசம்பரில் மருத்துவமனையில் கிடைத்தது பேரொளி அனுபவம். அது எல்லோருக்கும் வாய்க்காது என்பதைப் பின்வந்த பதிப்பில் சேர்த்த பின்னிணைப்பு ஒப்புக்கொண்டது. பெரும்பாலோர்க்கு மாற்றம் மெதுவாகத்தான் வரும் என்றது.

இந்தியாவுக்கு ஏஏ 1957-ல் வந்தது. தமிழ்நாட்டில் அதற்கு மருத்துவத் துணை அமைந்தது, சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை வழியாக. கணவரைக் குடிநோய்க்கு இழந்தவர் அவர். அடையாறு இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. மருத்துவமனை என்றால் சென்னையிலும் திருவள்ளூரிலும் பலருக்குத் தெரியும். மருந்து, ஆலோசனை, குடும்பத்தாருக்கான அமர்வுகள் ஆகியவற்றோடு பன்னிரண்டு படிகளின் சிந்தனையையும் அது இணைத்தது. அவ்வமைப்பு திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் நடத்திய முகாம்கள், நோயாளியை ஊரைவிட்டுப் பிரிக்காமல் ஊரையே சிகிச்சைக்குள் கொண்டுவரும் முறையைக் காட்டின. இந்தக் கடைசிச் செய்தி நம் வாதத்துக்கு முக்கியம்.

‘நான் நினைத்தால் இன்றைக்கே விட்டுவிடுவேன்’

குடிக்கிறவர் வீட்டில் இந்த வாக்கியத்தைக் கேட்காதவர் இருக்க முடியாது. ஒப்படைப்பு ஏன் வேலை செய்கிறது என்பதற்கான மிகச் சிறந்த விளக்கம் இந்த வாக்கியத்தைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கிறது. மானிடவியலாளர் கிரெகரி பேட்சன் 1971-ல் எழுதிய கட்டுரை அது.

குடிநோயாளிக்கு மன உறுதி போதவில்லை என்று உலகம் சொல்கிறது. பேட்சன் வேறு திசையில் போனார். அவனிடம் இருப்பது புட்டியோடு மல்லுக்கு நிற்கும் வீம்பு. தான் வேறு, குடி வேறு; தான் நினைத்தால் அதை வெல்லலாம் என்ற எண்ணமே அவனைத் திரும்பத் திரும்பக் களத்துக்கு இழுக்கிறது. பத்து நாள் குடிக்காமல் இருந்து வென்றுவிட்டால், வென்றதை நிரூபிக்க ஒரு கட்டிங் போட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. தோற்றால், அடுத்த முறை வெல்ல வேண்டும் என்ற வெறி. இந்தப் போட்டியிலிருந்து வெளியேற ஒரே வழி, ஆட்டத்தில் தோற்றதை ஒப்புக்கொண்டு எழுந்துவிடுவது. முதற்படி அதைத்தான் செய்கிறது. மேலான சக்தி என்பது, தன்னைத் தனி வீரனாக எண்ணியவன் தன்னை ஒரு பெரிய அமைப்பின் உறுப்பாக உணர்வதற்கு இடம் தருகிறது.

தமிழ் மரபுக்கு இது புதிதன்று. சமணத்தில் தருமசேனராகப் புகழோடு இருந்தவர், சூலை நோய் தாங்காமல், கற்ற மந்திரங்களும் செய்த மருத்துவமும் கைவிட்ட நிலையில், தமக்கை திலகவதியாரிடம் வந்து, திருவதிகையில் விழுந்து, திருநாவுக்கரசராக எழுந்ததைப் பெரியபுராணம் சொல்கிறது. நோயின் அடிமட்டம், கையறுநிலை, ஒப்படைப்பு, புதுப்பெயர் என்ற வரிசை அதில் முழுமையாக இருக்கிறது. ஆனால் அந்த வரலாற்றில் நாம் தாண்டிப் போகும் ஒரு செய்தி உண்டு. அவர் சாமியிடம் நேரே போகவில்லை, அக்காவிடம் போனார். மடத்தில் விளக்கேற்றித் திருவலகிட்டுக் கொண்டிருந்த ஒரு மனுஷி அவரைக் கைப்பிடித்துக் கூட்டிப் போனார்.

சான்றுகள் எங்கே நிற்கின்றன

ஏஏ பலன் தருகிறதா என்ற கேள்வியில் ஆய்வுலகம் நெடுநாள் தயங்கியது. 2006-ல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு, உறுதியாகச் சொல்லச் சான்று போதாது என்றது. 2020-ல் ஜான் கெல்லி, கீத் ஹம்ஃப்ரீஸ், மரிகா ஃபெர்ரி ஆகியோர் செய்த புதிய தொகுப்பாய்வு 27 ஆய்வுகளை, 10,565 பேரின் தரவுகளை எடுத்துக்கொண்டது. ஏஏ கூட்டங்களுக்கு நோயாளிகளை முறைப்படி வழிநடத்தும் சிகிச்சையில், ஓராண்டு முடிவில் முற்றாகக் குடிக்காமல் இருந்தவர்கள் ஏறத்தாழ 42 விழுக்காடு. அறிதல்-நடத்தைச் சிகிச்சை போன்ற பிற முறைகளில் 35. வேறுபாடு மலையளவு இல்லை, ஆனால் புறந்தள்ளக்கூடியதும் இல்லை. அந்த 42-ஐப் படிக்கும்போது, மீதமுள்ள 58-ஐயும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இப்பலன் கடவுளால் வந்ததா, கூட்டத்தால் வந்ததா? 1997-ல் வெளியான புராஜெக்ட் மேட்ச் என்ற அமெரிக்கப் பேராய்வில் 1,726 பேர் பங்கேற்றனர். அதன் தரவுகளை வைத்து டோனிகனும் உடன் ஆய்வாளர்களும் 2002-ல் ஒரு நுட்பமான செய்தியைச் சொன்னார்கள். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் ஏஏ கூட்டத்துக்குத் தொடர்ந்து வருவது குறைவு. ஆனால் வந்தவர்களுக்குக் கிடைத்த பலன் நம்பிக்கையாளர்களுக்குக் கிடைத்ததற்குக் குறைந்ததில்லை. நம்பிக்கை ஆளைக் கதவுவரை கொண்டுவருகிறது, உள்ளே நடப்பது வேறு என்று இதைப் படிக்கலாம். கெல்லியின் பிற்கால ஆய்வுகள் அந்த உள்ளே நடப்பதைப் பிரித்துப் பார்த்தன. பலனில் பெரும்பங்கு, குடிக்கும் கூட்டாளிகள் குறைந்து குடிக்காத கூட்டாளிகள் கூடுவதாலும், குடிக்க அழைக்கும் சூழலில் தாக்குப்பிடிக்கலாம் என்ற தெம்பு வளர்வதாலும் வருகிறது. ஆன்மிகத்தின் தனிப்பங்கு, நோய் முற்றியவர்களிடம் தெளிவாகத் தெரிகிறது. மற்றவர்களிடம் அவ்வளவு இல்லை. இந்தக் கடைசிக் கண்டுபிடிப்பை நாத்திகர்களும் எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது. எல்லாவற்றையும் இழந்தவனுக்கு, மனிதர் தரும் துணையைக் காட்டிலும் பெரிதாக ஏதோ ஒன்று தேவைப்படுகிறது போலும்.

இவை பெரும்பாலும் அமெரிக்கச் சான்றுகள். தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றைப் பற்றி நம்பத்தக்க ஆய்வு ஒன்று உண்டு. குடிநோய் பற்றியதன்று, மனநோய் பற்றியது. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய, கடும் மனநோய் கொண்ட 31 பேரை ரகுராமும் அவர் குழுவினரும் ஆராய்ந்து 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களின் நோய்க்குறி அளவு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தது. அங்கே பெரிய சடங்கு எதுவும் இல்லை. குடும்பத்தார் ஒருவர் உடனிருந்தார், கோயில் வேலைகளைச் செய்தார்கள், அடியோ வசையோ இல்லை. ஆய்வாளர்கள் பலனை அந்த ஆதரவான சூழலுக்கே உரியதாக்கினார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் தமிழ்நாடு கண்டிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தர்காவை நம்பி அழைத்துவரப்பட்டுச் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். அவர்களைக் கட்டிவைத்ததும் அதே நம்பிக்கையைச் சுற்றி நடந்த விடுதிதான். 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியால் பிணைப்பதைத் தடைசெய்கிறது; குடியால் வரும் மனநோய் நிலைகளையும் அச்சட்டம் தன் வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. ஆளைக் கடத்திப்போய் அடைத்து அடிக்கும் ‘மறுவாழ்வு மையங்கள்’ இன்றும் இயங்குகின்றன. அவற்றிலும் காலையில் பிரார்த்தனை உண்டு.

மாலை, கயிறு, சபை

கும்மிடிப்பூண்டிப் பக்கம் குடியை நிறுத்த விரும்புகிறவன் முதலில் போவது மருத்துவமனைக்கு இல்லை. கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை போடுவான். தைப்பூசத்தை ஒட்டி மேல்மருவத்தூருக்குச் சிவப்பு உடுத்துவான். ஆடியில் பெரியபாளையத்துக்குக் காப்புக் கட்டுவான். குலதெய்வக் கோயிலில் பூசாரி கையால் கயிறு கட்டிக்கொள்வான். சூடத்தை ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்வான். கிறித்துவனாக இருந்தால், அல்லது அப்படி ஆகிக்கொண்டிருந்தால், சபையில் சாட்சி சொல்வான். நம் சீர்திருத்தக்காரர்கள் இவற்றை மூடநம்பிக்கை என்று ஒரே வீச்சில் ஒதுக்கிவிட்டார்கள். மருத்துவர்கள் சிரித்து நகர்ந்துவிட்டார்கள். இரண்டுமே அவசரம்.

ஐயப்ப விரதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கூர்ந்து பார்ப்போம். 41 நாள் விரதம். மாலை விழுந்த நொடியிலிருந்து அவனுக்குப் பெயர் கிடையாது, சாமி என்பதே பெயர். நேற்றுவரை ‘டேய்’ போட்டவர்கள் இன்று ‘சாமி, சாப்பிட்டீங்களா’ என்கிறார்கள். மனைவியும் அப்படியே அழைக்கிறாள். கறுப்போ நீலமோ உடுத்தியவனுக்கு டாஸ்மாக் வாசலில் நிற்கவே கூச்சம். நின்றால் தெருவே பார்க்கும். விடியற்காலையில் பச்சைத் தண்ணீர்க் குளியல், இருவேளைப் பூசை, மாலையில் ஏதாவதொரு வீட்டில் பஜனை. பார் திறந்திருக்கும் அதே நேரத்துக்கு வேறொரு இடத்தில் வேறொரு கூட்டம். வழிநடத்த, பல முறை மலையேறிய குருசாமி. எவனாவது தடுமாறினால் முதலில் அவர் காதுக்குத்தான் போகும்.

கெல்லி பட்டியலிட்டவை எல்லாம் இங்கே இருக்கின்றன. கூட்டாளிகள் மாறுகிறார்கள், மாலை நேரம் நிரம்புகிறது, முன்னே போனவர் ஒருவர் துணைக்கு நிற்கிறார். ஏஏ-யில் ஸ்பான்சர் என்று சொல்லப்படுபவரின் வேலையைக் குருசாமி நன்றாகவே செய்கிறார். ஏஏ தராத ஒன்றையும் விரதம் தருகிறது: பகிரங்கமான மரியாதை. ஏஏ-க்காரர் பெயர் மறைத்துக் கூடுகிறார். மாலை போட்டவர் தெருவறியச் சாமியாகிறார். கடைசியாக யார் தன்னை மரியாதையாக விளித்தார்கள் என்பதே மறந்துபோனவனுக்கு அந்த 41 நாள் சாதாரண நாட்கள் இல்லை.

பிறகு மாலை கழற்றப்படுகிறது. பெயர் திரும்புகிறது, ‘டேய்’ திரும்புகிறது. பஜனை முடிந்துவிட்டது, அடுத்த கார்த்திகைவரை குருசாமிக்கு வேலையில்லை. மலையிலிருந்து திரும்பும் வண்டியிலேயே புட்டி திறக்கப்பட்ட கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. மாலை போட்டவனின் நம்பிக்கை பொய் என்று இதற்குப் பொருளில்லை. விரதத்துக்கு முடிவு தேதி இருக்கிறது, அவ்வளவுதான். குடிநோய்க்கு அப்படி ஒரு தேதி கிடையாது. ஏஏ இதை வேறுவிதமாக எதிர்கொண்டது. அது வாழ்நாள் முழுவதற்கும் சத்தியம் கேட்பதில்லை. இன்று ஒருநாள் குடிக்காதே என்கிறது. ஆனால் நாளையும் கூட்டம் உண்டு, மறுநாளும் உண்டு. 41 நாளோடு ஒப்பிட்டால் ஒருநாள் சிறியது. அது முடிவதில்லை என்பதுதான் அதன் பலம்.

சாமி குத்தம்

கயிறு கட்டியவனின் நிலை இன்னும் சிக்கலானது. கயிற்றுக்குப் பின்னால் நிற்கும் சாமி ஒப்பந்தக்காரச் சாமி. மீறினால் கண் போகும், கை கால் இழுக்கும், குடும்பத்துக்கு ஆகாது. இந்த அச்சம் பலரைப் பல மாதங்கள் காப்பாற்றியிருக்கிறது என்பதை மறுக்கத் தேவையில்லை. சிக்கல், ஒருமுறை தவறியபின் தொடங்குகிறது.

உளவியலாளர் ஆலன் மார்லட் 1985-ல் ஜூடித் கோர்டனோடு வெளியிட்ட நூலில், ஒரு சறுக்கல் எப்படி முழு வீழ்ச்சியாகிறது என்று விளக்கினார். விட்டவன் ஒருநாள் குடித்துவிடுகிறான். குடித்த அளவைவிட, ‘போச்சு, எல்லாம் போச்சு’ என்ற குற்றவுணர்வே அவனை அடுத்த குவார்ட்டருக்குத் தள்ளுகிறது. முற்றான விலக்கு என்று எவ்வளவு கறாராக எடுத்துக்கொண்டானோ, அவ்வளவு பலமாக விழுகிறான். கயிறு கட்டியவனுக்கு இந்தக் குற்றவுணர்வோடு சாமி குத்தமும் சேர்கிறது. சத்தியத்தை மீறியாகிவிட்டது, இனி எப்படியும் தண்டனை வரப்போகிறது. இனிக் குடிக்காமல் இருந்து என்ன பயன்? அதன்பின் அவன் அந்தக் கோயில் பக்கமே போகமாட்டான். அவனைக் காத்த ஒரே வாசலை அவன் தன் கையாலேயே சாத்திக்கொள்கிறான்.

ஆக, மேலான சக்தி என்று பொதுவாகப் பேசுவது போதாது. எந்தக் குணமுள்ள சக்தி என்று கேட்க வேண்டும். தண்டிக்கும் சாமி நிறுத்தவைக்கும். விழுந்தவனைத் திரும்ப உள்ளே விடும் சாமிதான் மீளவைக்கும். ஏஏ கூட்டத்தில் மறுபடி குடித்துவிட்டு வந்தவருக்கும் அதே நாற்காலி, அதே டீ. பழைய கயிற்றை அவிழ்த்துவிட்டுத் தட்டில் காணிக்கை வாங்கிக்கொண்டு, ‘திரும்பவும் முதலில் இருந்து வா’ என்று புதுக்கயிறு கட்டும் பூசாரிகளும் நம் ஊர்களில் உண்டு. அவர்கள் மார்லட்டைப் படித்ததில்லை.

வேண்டுதல் யாருடையது

இன்னொரு கேள்வி ஆய்வுகளில் ஏனோ அதிகம் தென்படுவதில்லை. குடிப்பவன் கணவன்; தீச்சட்டி ஏந்துபவள் மனைவி. பெரியபாளையத்தில் ஆடி மாதம் வேப்பஞ்சேலை உடுத்திக் கோயிலைச் சுற்றுபவர்களில், பால்குடம் எடுப்பவர்களில், தரையில் சோற்றைக் கொட்டி மண்சோறு உண்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கணவனின் குடிக்காக அவள் பட்டினி கிடக்கிறாள். அவன் திருந்தினால் சாமியின் அருள். திருந்தாவிட்டால் அவள் வேண்டுதலில் குறை.

ஏஏ-யின் உடன்பிறப்பான அல்-அனான் 1951-ல் குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக உருவானது. அதில் பங்கேற்ற முன்னோடிகளில் ஒருவர் பில் வில்சனின் மனைவி லோயிஸ். அங்கும் மேலான சக்தி உண்டு. ஆனால் மனைவி ஒப்படைப்பது தன் கணவனைத் திருத்தும் பொறுப்பை. அவன் குடிப்பதற்கு நீ காரணமில்லை, அதைக் கட்டுப்படுத்துவதும் குணப்படுத்துவதும் உன் கையில் இல்லை என்பது அங்கே பாலபாடம். நம் வேண்டுதல் அவள் தோளில் ஏற்றும் சுமையை அது இறக்கிவைக்கிறது. இந்தப் புள்ளியில் எனக்கு நடுநிலை இல்லை. பெண்ணின் உடலை வருத்தி ஆணின் குடிக்குத் தீர்வு தேடும் எந்த நம்பிக்கையும், அவன் தன் நோய்க்குப் பொறுப்பேற்பதைத் தள்ளிப்போடவே உதவுகிறது. சாப்பாட்டில் தெரியாமல் மாத்திரை கலந்து கொடுக்கச் சொல்லும் சுவர் விளம்பரங்களும் இந்த வகையே. அதில் சாமிக்குப் பதில் மாத்திரை, ஆனால் வேலை அவளுக்குத்தான். டைசல்பிராம் போன்ற மருந்தைத் தெரியாமல் உட்கொண்டு மேலே குடித்தால் உயிருக்கே ஆபத்து என்பது தனி.

கடவுள் வேண்டாம் என்பவருக்கு

பெரியார் மண்ணில் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரம் குடிக்கு எதிராகக் கடவுளைச் சாட்சிக்கு அழைப்பதில்லை. அது பெற்ற தாயின் முகத்தையும், நாணத்தையும், ஊரார் பார்வையையும் முன்னிறுத்துகிறது. 1921-ல் ஈரோட்டில் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலில் முன்னின்றார்கள், ஈ.வெ.ரா. தம் தோப்பின் தென்னை மரங்களையே வெட்டச் செய்தார். பின்னாளில் கடவுளையும் மதுவிலக்குச் சட்டத்தையும் சேர்த்தே மறுத்தவர் அவர். குடியை எதிர்க்கச் சாமி கட்டாயம் என்று நம் வரலாறு சொல்லவில்லை.

நம்பிக்கையில்லாதவரை நம்பச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது அறமும் இல்லை. புத்த சமயத்தவர் ஒருவரை ஏஏ கூட்டத்துக்குப் போகும்படி பரோல் நிபந்தனையாக வற்புறுத்தியது அவரது சமய உரிமையை மீறுவது என்று 2007-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று இனூயே வழக்கில் தீர்ப்பளித்தது. நம் மறுவாழ்வு மையங்களில் இந்தக் கேள்வியை இதுவரை யாரும் எழுப்பியதாகத் தெரியவில்லை. ஏஏ-க்குள்ளேயே, கூடும் குழுவைத்தான் தம் மேலான சக்தி என்று சொல்பவர்கள் உண்டு.

மறுபுறம், நம்புகிறவருக்கும் கோயில் கட்டடம் கட்டாயமில்லை. திருவள்ளூருக்குப் பக்கத்துத் திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார் கையில் காசில்லாமல் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டினார். காஞ்சியில் பல்லவன் எழுப்பிய கற்றளிக் குடமுழுக்கைத் தள்ளிவைக்கச் சொல்லி, இறைவன் அந்த மனக்கோயிலுக்கு முதலில் வந்தார் என்பது பெரியபுராணம். அவரவர் புரிந்துகொண்ட கடவுள் என்பதற்கு அக்ரான் வரை போய்ச் சான்று தேட வேண்டியதில்லை.

சிப்காட் வாசலில்

2019-ல் வெளியான எய்ம்ஸ் தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் 10 முதல் 75 வயதுக்குட்பட்டோரில் 14.6 விழுக்காட்டினர் மது அருந்துகிறார்கள். குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றிருக்கிறார். தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவைச் சில்லறையில் விற்பது அரசே. 2023-24-ல் அதனால் வந்த வருவாய் ரூ.45,855 கோடி. 2025-ல் அரசு மருத்துவமனைகளில் ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்கள் திறக்கப்பட்டன. விற்பதும் மீட்பதும் ஒரே கை. இதைப் பற்றி எழுதியவர்கள் பலர் என்பதால் நான் தாண்டிச் செல்கிறேன்.

கும்மிடிப்பூண்டியில் உலைக்கு முன் நின்று ஷிப்டு முடிப்பவன் உடம்புவலிக்குத்தான் குடிக்கத் தொடங்குகிறான். கடை பகல் 12-க்குத் திறந்து இரவு 10-க்கு மூடும். அவன் ஷிப்டு வாரத்துக்கு வாரம் மாறும். மாலைப் பஜனையோ ஏழு மணி ஏஏ கூட்டமோ அவனுக்குப் பாதி வாரம் எட்டாது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் பத்துப் பேராகத் தங்கியிருப்பவனுக்கு இன்னும் மோசம். அவன் குலதெய்வம் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறது. அவனைச் சாமி என்று அழைக்க இங்கே தெரு இல்லை. சத் பூசைக்கு ஊர் போனால் நிறுத்துகிறான். திரும்பி வந்தால் அறையில் அதே பத்துப் பேர். மேலான சக்தி வேலை செய்ய மனிதக் கூட்டம் வேண்டும் என்ற முன்வாதத்துக்கு அந்தக் கொட்டகையைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இங்கிருந்து செய்யத்தக்கவை சில உண்டு. குருசாமிகள் மாலை கழற்றியபின்னும் வாரம் ஒருநாள் அதே ஆட்களைக் கூட்டலாம். பஜனை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உட்கார்ந்து பேசினால் போதும். சபைகளும் மன்றங்களும் அவ்வாறே. ஆலைகள் ஷிப்டு முடியும் நேரத்தில், இந்தியிலும் ஒடியாவிலும் கூட்டம் நடத்த ஒரு அறை ஒதுக்கலாம். கோவாவில் மருத்துவப் பட்டமில்லாத ஆலோசகர்களைப் பயிற்றுவித்து, அளவுமீறிக் குடிக்கும் ஆண்களிடையே செய்த ஆய்வு 2017-ல் லான்செட் இதழில் வெளிவந்தது. பேசத் தெரிந்த சாதாரண ஆளால் பலன் உண்டு என்பதை அது காட்டியது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. காலையில் கை நடுங்கி, ஊற்றினால்தான் நிற்கும் என்ற நிலைக்கு வந்துவிட்டவர், மாலை போட்ட அன்றே சட்டென்று நிறுத்துவது ஆபத்தானது. நிறுத்திய முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள் ஆளே தெரியாமல் பிதற்றும் நிலை வரலாம். அதை அருள் வந்ததாகவோ சாமி குத்தமாகவோ எடுத்துக்கொண்டு கோயிலில் வைத்திருந்தால் உயிர் போகக்கூடும். தயமின் ஊசியும் சில நாள் மருந்தும் அதைத் தடுக்கும். எனவே மாலைக்கு நாள் குறிக்கும் குருசாமிகளுக்கும், கயிறு கட்டும் பூசாரிகளுக்கும், கைவைத்து ஜெபிக்கும் போதகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வருகிறவரிடம் ‘காலையில் கை நடுங்குகிறதா?’ என்று முதலில் கேளுங்கள். நடுங்குகிறது என்றால் அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, அவர் தெளிந்து வந்தபின் மாலை போடுங்கள். எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணை அழைக்கலாம், கட்டணம் இல்லை.